டுரியான் ஏன் காய்க்கலன்னு கேட்டா எந்த அளவுல பதில் தேடணும்

பினாங்கு தீவுல இருக்குற பாலிக் புலாவ் பக்கம் போய் இந்த வருஷம் ஏன் டுரியான் சரியா காய்க்கலன்னு கேட்டு பாருங்க, ஒருத்தர் மண்ணு சரியில்லன்னு சொல்வாரு, இன்னொருத்தர் மழை நேரம் மாறிடுச்சும்பாரு, வேற ஒருத்தர் வவ்வாலே வரலம்பாரு. மூணும் உண்மையா இருக்கலாம். ஒருத்தர் பாக்குறது மரத்தடி, இன்னொருத்தர் பாக்குறது மலை, மூணாவது ஆள் பாக்குறது ஊர தாண்டி இருக்குற காடு. அளவு மாறினா பதிலும் மாறும். யூனிவர்சிட்டில ப்ராஜெக்ட் பண்றவங்க, ஸ்கூல் சயின்ஸ் கிளப் நடத்துற டீச்சருங்க, சும்மா ஆர்வத்துல செடி கொடி பறவைன்னு பாக்குறவங்க எல்லாருக்கும் இது உதவும்னுதான் எழுதுறேன்.

மொதல்ல கேள்விய இடமும் காலமும் சேத்து எழுதுங்க. "டுரியான் ஏன் காய்க்கல"ன்னா எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியாது. "இந்த தோட்டத்துல போன சீசன விட இந்த சீசன்ல ஏன் கம்மியா காய் நின்னுச்சு"ன்னு எழுதினா பிடி கிடைக்கும்.

அடுத்து ரெண்டு அளவு முடிவு பண்ணணும். ஒரு தடவை பாக்குறது எவ்வளவு சின்னது (ஒரு பூவா, ஒரு கிளையா, ஒரு மரமா), மொத்தமா எது வரைக்கும் பாக்க போறோம் (ஒரு தோட்டமா, முழு தீவா). காலத்துக்கும் இதே கணக்குதான், எத்தனை நாளைக்கு ஒரு தடவை குறிக்கிறோம், மொத்தம் எத்தனை வருஷம். மரத்துக்கு மரம் எண்ணினவரால ஒரு மரத்துக்குள்ள கிளைக்கு கிளை என்ன வித்தியாசம்னு சொல்ல முடியாது, ஒரு சீசன் மட்டும் பாத்தவரால வறட்சி வருஷத்த பத்தி எதுவும் சொல்ல முடியாது.

இப்பதான் முக்கியமான வேலை. அளவுங்கள ஏணிப்படி மாதிரி நெனைச்சுக்கோங்க, உங்க கேள்வி நிக்கிற படில இருந்து ஒரு படி கீழ (சின்ன அளவுக்கு) இறங்குங்க, ஒரு படி மேல (பெரிய அளவுக்கு) ஏறுங்க. கீழ போனா "எப்படி நடக்குது"ன்னு தெரியும், மேல போனா "எது அத கட்டுப்படுத்துது"ன்னு தெரியும். டுரியான்ல கீழ் படின்னா பூ. சாயங்காலம் விரியுது, விடியறதுக்குள்ள இதழ் உதிர்ந்துடுது, மகரந்தம் மாற கிடைக்கிறது அந்த ஒரு ராத்திரிதான், அதுல பெரிய வேலைய செய்யறது தேன் குடிக்க வர்ற வவ்வாலுங்க. அதனால பகல்ல தோட்டத்த எத்தனை தடவை சுத்தினாலும் இது கண்ணுல படாது.

மேல் படிக்கு போங்க. இந்த வேலைய செய்யற வவ்வால்ல ஒரு முக்கியமான வகை குகைல தங்குறது. டுரியான் பூக்கிறது வருஷத்துல கொஞ்ச நாள், மிச்ச நாளெல்லாம் அதுக்கு சாப்பாடு வேணும்ல, அத குடுக்குறதுல பெரம்பாங் மாதிரி கடலோர பாக்காவ் காட்டு (சதுப்பு நில காட்டு) மரங்களோட பூவுக்கு பெரிய பங்கு இருக்கு. பத்துமலை பக்கம் 1970கள்ல நடந்த ஆராய்ச்சில இந்த வவ்வால் ஒரே ராத்திரில 30 கிலோமீட்டருக்கு மேல கூட இரை தேடி போறது தெரிய வந்துச்சு. அப்ப யோசிங்க, தோட்டக்காரர் உரம் எல்லாம் ஒழுங்கா போட்டும் எங்கயோ ஒரு குகைய ஒடைச்சாலோ, கடலோரத்த மண்ணு போட்டு மூடினாலோ, அவர் மரத்துல காய் கம்மியாகலாம். தோட்ட வேலிக்குள்ள மட்டும் தேடினா இந்த காரணம் எந்த காலத்துலயும் கெடைக்காது. மேல் படிய விட்டுடறதுதான் நான் பாத்த ப்ராஜெக்ட்டுங்கள்ல பெரிய குறை. அதுக்காக ஒரேயடியா உச்சிக்கு போய் எல்லாத்துக்கும் பருவநிலை மாற்றம்தான் காரணம்னு எழுதிடாதீங்க, அதுல இந்த மரத்த பத்தி எதுவுமே சொன்னதா ஆகாது. பூக்க ஒரு வறண்ட இடைவெளி வேணும், அது இந்த வருஷம் எப்ப வந்துச்சு, பூத்தப்போ ராத்திரி மழை அடிச்சுதான்னு பாருங்க.

காலத்துல வேகமா ஓடறதையும் மெதுவா நகர்றதையும் தனித்தனியா பிரிங்க. புகைமூட்டம் வந்தா காத்து சில நாள்ல கெட்டுடுது, ஆனா அந்த புகைய கெளப்புற, சுமத்ராவுல எரியிற கரிமண்ணு (மக்காத செடி கொடி சேந்து உண்டான மண்ணு) சேர ஆயிரக்கணக்கான வருஷம் ஆகியிருக்கு. நெகிரி செம்பிலான் பாசோ காட்டுல 1980கள்ல இருந்து 50 ஹெக்டர் அளந்து வச்சு, 1 செண்டிமீட்டர் தடிமன்ல இருந்து ஒவ்வொரு மரத்தையும் எண்ணுறாங்க, 3 லட்சத்துக்கு மேல மரம், 800க்கு மேல வகை. ஏன் இவ்வளவு வருஷமா திரும்ப திரும்பன்னா, நம்ம காட்டு பெரிய மரங்க சில வருஷத்துக்கு ஒரு தடவைதான் சேந்து பூக்கும், ரெண்டு வருஷ ஆராய்ச்சி அத மொத்தமா தவறவிட்டுடலாம்.

அளவு எப்படி பதில மாத்துதுன்னு கையால செஞ்சு பாக்க ஆசைன்னா பினாங்கு தண்ணீர்மலை பக்கம் இருக்குற பூங்காவுக்கு கயிறோட போங்க, ஆபீஸ்ல அனுமதி கேட்டுட்டு. 1 மீட்டர் சதுரம் கட்டி எத்தனை வகை செடின்னு எண்ணுங்க, அப்புறம் அத 2 மீட்டர், 4 மீட்டர், 8 மீட்டர்னு பெருசாக்கிட்டே போங்க. ஒவ்வொரு தடவையும் பரப்பு நாலு மடங்காகுது, ஆனா வகை நாலு மடங்காகாது, ஏறிட்டே போகும், வேகம் மட்டும் கொறையும். அதனால ஒருத்தர் 1 மீட்டர்லயும் இன்னொருத்தர் 8 மீட்டர்லயும் எண்ணிட்டு எந்த இடத்துல வகை அதிகம்னு ஒப்பிட்டா அது கணக்கே இல்ல. மரநிழல்லயும் புல்தரையிலயும் தனித்தனியா இதே மாதிரி செஞ்சு, சதுரம் பெருசாக பெருசாக வகை எப்படி ஏறுதுன்னு ரெண்டு இடத்துக்கும் ஒவ்வொரு கோடு ஒரே தாள்ல வரைஞ்சு பாருங்க. சின்ன சதுரத்துல ஜெயிச்ச இடம் பெரிய சதுரத்துல தோத்துடலாம். அப்படி ஆனா எதையும் அழிச்சிடாதீங்க, எந்த அளவுல மாறுச்சோ அந்த இடத்துல இருந்துதான் அடுத்த கேள்வி வரும், ரிப்போர்ட்ல சதுர அளவு, தேதி, முந்தின ரெண்டு வாரத்து மழை மூணையும் பக்கத்துலயே எழுதி வைங்க.