தீம் பார்க் வாசல் சோதனை: இன்சுலின் பையும் மாற்றிய முட்டும் உள்ள குடும்பத்துக்கு

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் ஒரு மருந்துக்கடையில் 17 வருடமாக வேலை பார்க்கிறேன். வருடாவருடம் மே மாதம் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு, குடும்பத்தில் 14 பேரை வேனில் ஏற்றி ஏதாவது ஒரு பூங்காவுக்குக் கூட்டிப் போவது என் பொறுப்பு. எங்கள் கூட்டத்தில் இரண்டு கால்முட்டும் மாற்றிய அம்மை உண்டு, நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்த மாமா உண்டு, டைப் 1 சர்க்கரை, அதாவது தினமும் இன்சுலின் போட்டே ஆக வேண்டிய சர்க்கரை நோய், உள்ள அண்ணன் மகள் உண்டு. அவளுக்கு 11 வயது. இப்படி ஒரு குடும்பத்தோடு வாசல் சோதனையைத் தாண்டுவது எப்படி என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் கேரளத்தில் ஒரு பூங்கா. பையைத் திறந்த காவலர் பெண் இன்சுலின் பேனாவையும் (பேனா வடிவில் இருக்கும் ஊசி மருந்து) அதில் மாட்டும் ஊசிகளையும் வெளியே எடுத்து, "ஊசி உள்ளே விடமாட்டோம், வண்டியில் வைத்துவிட்டு வாருங்கள்" என்றார். குளுக்கோஸ் பாக்கெட்டையும் பிஸ்கட்டையும் வெளிச் சாப்பாடு என்று தனியாக ஒதுக்கினார். பின்னால் நூறு பேர் நிற்கிற வரிசை. ஒருவர் "ஊசியா?" என்று சத்தமாகக் கேட்டார். பிள்ளை என் சேலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். மேற்பார்வையாளர் வந்து எங்களை உள்ளே விடுவதற்கு 40 நிமிடம் ஆனது. அந்தக் காவலர் பெண்ணுக்கும் இருபது வயதுதான் இருக்கும். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் நானும் அன்று வாயைத் திறக்காமல் பையை நீட்டியது தவறு. அவர் கண்டுபிடிக்கும் முன் நான் சொல்லியிருக்க வேண்டும். அதற்கப்புறம் நாங்கள் போன எந்த வாசலிலும் நாங்கள்தான் முதலில் பேசுகிறோம். அந்த ஒரு மாற்றத்தால் பாதிச் சிக்கல் போய்விட்டது.

போவதற்கு மூன்று நாள் முன்பே பூங்காவுக்குப் போன் செய்யுங்கள். இன்சுலின், ஊசி, குளுக்கோஸ், குழந்தைச் சாப்பாடு, குடிதண்ணீர் எவையெல்லாம் உள்ளே விடுவார்கள், கொடுத்து வைக்கிற பொருளுக்கு டோக்கன் உண்டா, வெளியே போனால் திரும்ப விடுவார்களா என்று கேளுங்கள். பேசியவர் பெயரையும் நேரத்தையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். வாசலில் "இன்னாரிடம் பேசினோம்" என்று சொல்லும்போது அந்தத் தாள் நன்றாக வேலை செய்யும்.

மருத்துவரிடம் லெட்டர்ஹெட்டில் இரண்டு வரி வாங்குங்கள். பிள்ளையின் பெயர், நோய், மருந்தின் பெயர், ஊசியும் சர்க்கரை பார்க்கும் மெஷினும் இனிப்பும் எப்போதும் கூடவே இருக்க வேண்டும் என்கிற வரி, இவ்வளவு போதும். கடைச் சீட்டு மட்டும் காட்டினால் பல இடத்தில் தலையாட்டமாட்டார்கள். மருந்து எல்லாம் உள்ளே தெரிகிற ஒரு ஜிப் பையில் இருக்கட்டும், அந்தப் பை பெரிய பையின் மேலாக இருக்கட்டும். பேனாவில் மருந்துக்கடை லேபிள் ஒட்டியிருந்தால் கிழிக்க வேண்டாம். பயன்படுத்திய ஊசியைப் போட மூடியுள்ள கெட்டியான டப்பா ஒன்றும் வேண்டும். அதைக் காட்டினாலே காவலருக்குப் பாதி பயம் போய்விடும்.

"வண்டியில் வைத்துவிட்டு வாருங்கள்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். திறந்த இன்சுலின் பேனா பெரும்பாலும் 30 டிகிரிக்குள் இருந்தால் வெளியிலேயே நான்கு வாரம் வரை கெடாது. திறக்காததை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். மே மாத வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வேன் எவ்வளவு கொதிக்கும் என்று நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அங்கே வைத்த மருந்து பார்வைக்கு அப்படியேதான் இருக்கும், உள்ளே வீரியம் போயிருக்கும். ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றித்தான் வைக்க வேண்டும், பேனாவில் நேராகப் படக்கூடாது. உறைந்த இன்சுலினும் குப்பைக்குத்தான்.

இனிப்பும் அப்படியே. ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ் உடனே கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். சவாரி வரிசையில் நிற்கும்போது கடை தேடி ஓட முடியாது. இது பலகாரம் அல்ல, மருந்து என்று சொல்லுங்கள். கேரளத்து வாசல் என்றால், எல்லையோரம் இருக்கிற நம்ம குமரிக்காரர்களுக்கு மொழி ஒரு தடையே இல்லை. "மோள்க்கு ஷுகர் உண்டு, இது இன்சுலினாணு" (பிள்ளைக்குச் சர்க்கரை உண்டு, இது இன்சுலின்) என்று மலையாளத்தில் மெதுவாகச் சொன்னால் போதும். பிள்ளையைப் பேச விடாதீர்கள், பெரியவர் ஒருவர் பேசுங்கள். தனியாக ஓரமாகப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம், கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. சர்க்கரை பார்க்க உடம்பில் ஒட்டும் சென்சாரோ, உடம்போடு மாட்டியிருக்கும் இன்சுலின் பம்ப்போ இருந்தால், அதோடு வந்த கையேட்டில் எக்ஸ்ரே பெட்டியில் போடலாமா என்று முன்கூட்டியே பாருங்கள். சில கம்பெனிகள் வேண்டாம் என்கின்றன. அப்படியிருந்தால் கையால் சோதிக்கச் சொல்லுங்கள். வெறும் பேனா இன்சுலினுக்கு எக்ஸ்ரேயால் கெடுதல் இல்லை.

அடுத்து அம்மையின் முட்டு. நாம் நடந்து போகிற அந்தக் கதவுச் சட்டத்தில் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. அவை ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும், உலோகம் குறுக்கே வந்தால் அந்தப் புலம் கலைந்து ஒலி வரும். கத்தியா, முட்டா என்று அதற்குத் தெரியாது. பல சட்டங்களில் எந்த உயரத்தில் உலோகம் இருக்கிறது என்று பக்கத்து விளக்கு காட்டும். அதனால் நடப்பதற்கு முன்னாலேயே "இரண்டு கால்முட்டும் ஆபரேஷன் செய்தது" என்று அம்மை சொல்லிவிடுவாள். முட்டுக்கு நேராக விளக்கு எரிந்தால் காவலருக்கும் பதில் கிடைத்துவிடுகிறது. ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் தாளை நான்காக மடித்து மணிபர்ஸில் வைத்திருக்கிறோம். உட்கார நாற்காலி கேளுங்கள். பெண்களைச் சோதிக்க பெண் காவலர்தான் வர வேண்டும், திரை போட்ட இடத்தில். இல்லை என்றால் வரும்வரை பொறுத்து நில்லுங்கள்.

மாமாவுக்கு வேறு ஒழுங்கு. பேஸ்மேக்கர் அட்டை சட்டைப் பையிலேயே இருக்கும். சட்டத்தின் வழியாக வழக்கமான நடையில் போய்விடலாம், அதன்மேல் சாய்வதும் அதற்குள் நின்று பேசுவதும் கூடாது. காவலர் கையில் பிடிக்கும் உலோகச் சோதனைக் கருவியை நெஞ்சுக்கு மேல் வைத்துக்கொண்டே இருக்கவிடக் கூடாது. "கையால் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டுவிட வேண்டும்.

மற்றவர்களுக்கு முந்தின ராத்திரி வீட்டிலேயே சோதனை. எல்லாப் பையையும் கூடத்தில் கொட்டி, பக்கவாட்டு ஜிப் ஒவ்வொன்றையும் நானே திறப்பேன். அம்மையின் வெற்றிலைப் பையில் பாக்குவெட்டியும் சின்னப் பேனாக்கத்தியும் வருடாவருடம் கிடைக்கும். புகையிலையும் கூடவே. மைனி பையில் மட்டிப் பழம், முந்திரிக்கொத்து, ஏத்தங்காய் வற்றல். இவற்றை வேனிலேயே வைத்து, இறங்கும் முன் சாப்பிட்டு முடிப்பது நல்லது. லைட்டர், தீப்பெட்டி, கண்ணாடி பாட்டில், வாசனை ஸ்ப்ரே, செல்பி குச்சி எதுவும் வேண்டாம். குளிர்பான பாட்டிலில் வேறெதையோ ஊற்றி எடுத்து வருகிற ஆண்கள் எல்லாக் குடும்பத்திலும் ஒருவராவது இருப்பார்கள். காவலர்கள் மூடியைத் திறந்து மோந்து பார்க்கிறார்கள், ஒரு வாய் குடித்துக் காட்டவும் சொல்கிறார்கள். பிள்ளைகள் முன்னால் அந்த அவமானம் வேண்டாம் என்று எங்கள் வீட்டு ஆண்களிடம் நேராகவே சொல்லிவிட்டேன்.

பையின் எண்ணிக்கையைக் குறையுங்கள். 14 பேருக்கு நான்கு பை போதும். தாலி, ஜெபமாலை, அரைஞாண் எதையும் கழற்ற வேண்டியதில்லை. கருவி ஒலித்தால் அது என்னவென்று சொன்னால் சரி. சாவி, சில்லறை, போன் மூன்றையும் வரிசையில் நிற்கும்போதே பைக்குள் போட்டுவிடுங்கள். திருவனந்தபுரம் பத்மநாபசாமி கோவிலுக்குப் போய்ப் பழகியவர்களுக்குப் போனை ஒப்படைத்துவிட்டு நடப்பது புதிதல்ல.

சின்னம்மை மகள் அமெரிக்காவில் ஒர்லாண்டோ பக்கம் நர்ஸாக இருக்கிறாள். அங்கே டிஸ்னி, யுனிவர்சல், சீவேர்ல்ட் பூங்காக்களில் 2015 டிசம்பரில் நடந்து போகிற உலோகச் சட்டங்களை வைத்தார்கள். டிஸ்னியில் பின்னால் வந்த கருவிகளில் பையைத் திறக்காமலே நடந்து போகலாமாம், ஆனால் குடையும் மூக்குக்கண்ணாடிப் பெட்டியும் ஒலி எழுப்பிவிடும் என்கிறாள். அதனால் அவற்றைக் கையில் முன்னால் நீட்டிப் பிடித்தபடி நடப்பார்களாம். நாங்களும் இங்கே குடையையும் ஸ்டீல் பிளாஸ்க்கையும் கையில் பிடித்துக்கொண்டே நடக்கிறோம். காவலர் பார்த்துத் தலையசைத்துவிடுகிறார்.

திரும்பும் நேரத்தைப் பற்றியும் ஒன்று. வாசலில் ஏதாவது கொடுத்து வைத்தால் டோக்கனைப் போட்டோ எடுத்து வையுங்கள், தண்ணீரில் ஆடும்போது தாள் கரைந்துவிடும். சில பூங்காக்களில் வெளியே வரும் வழி வேறு பக்கம் இருக்கும், பொருள் வாங்குகிற மேசை உள்ளே வந்த வாசலில்தான் இருக்கும். மூடும் நேரத்துக்கு அரை மணி நேரம் முன்பே ஒருவரை அனுப்பிவிடுங்கள். அம்மையின் பாக்குவெட்டி ஒருமுறை அப்படி விட்டுப்போனது. அவள் கல்யாணத்துக்கு அவள் அம்மை கொடுத்தது, திரும்பக் கிடைக்கவில்லை.