பக்கெட் வாங்கும் முன்: கல்லூரி விடுதிக்குக் கிளம்புகிறவர்கள் முடிக்க வேண்டிய வேலைகள்

போன ஆகஸ்டில் மகளைக் கோவையில் ஒரு பொறியியல் கல்லூரி விடுதியில் கொண்டுபோய் விட்டேன். பக்கெட், மக், பூட்டு, பாய் என்று வீடு இரண்டு வாரம் சந்தைக் கடை மாதிரி கிடந்தது. அத்தனையும் காந்திபுரத்தில் அரை மணி நேரத்தில் வாங்கிவிடலாம் என்பது கோவில்பட்டியிலிருந்து பாயைச் சுமந்துகொண்டு போய் இறங்கிய பிறகுதான் உறைத்தது. வாங்க முடியாத சிலவற்றை ஊரிலேயே கோட்டை விட்டிருந்தோம்.

இடம் கிடைத்துவிட்டது, கிளம்ப ஒரு மாதம் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

1. ஃபைல்

மதிப்பெண் சான்றிதழ்கள், டிசி, சாதிச் சான்று, வருமானச் சான்று, தேவைப்பட்டால் முதல் பட்டதாரிச் சான்று. கடைசி இரண்டும் இ-சேவையில் விண்ணப்பித்து, விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாலுகா அலுவலகம் என்று நகர்ந்து வர வேண்டியவை, தள்ளிப்போடாதீர்கள். கல்லூரியில் கொடுக்கும் டிசி திரும்பி வராது. எல்லாவற்றையும் முன்பக்கம் பின்பக்கம் ஸ்கேன் செய்துவிட்டுக் கொடுங்கள். இதற்குத் தனிச் செயலி வேண்டாம், ஆண்ட்ராய்டு போனில் கூகுள் டிரைவே ஸ்கேன் செய்யும். லேமினேஷன் மட்டும் செய்யாதீர்கள்.

2. ஆதாரில் யார் நம்பர்?

நான் சறுக்கிய இடம் இது. மகளின் ஆதாரில் இருந்தது என் கைபேசி எண். சின்ன வயதில் எடுத்தது, யார் யோசித்தார்கள்?

சேர்ந்த இரண்டாம் வாரம் கல்லூரி அலுவலகத்தில் அவள் வரிசையில் நிற்கிறாள், ஓடிபி இங்கே என் சட்டைப் பையில் வருகிறது. நான் பஸ்ஸில். "அப்பா, வந்துச்சா?" என்கிறாள். வந்தது, படித்தேன், தவறு என்றது. இரண்டாம் தடவை சிக்னல் போய்விட்டது. மூன்றாம் தடவை நான் வாசித்தது முதலில் வந்த பழைய ஓடிபியை. "நாளைக்கு வாம்மா" என்று அனுப்பிவிட்டார்கள்.

ஆகவே பிள்ளைக்கு ஒரு சிம் வாங்கி, ஆதார் மையத்துக்கு அழைத்துப்போய் அந்த எண்ணைப் பதியுங்கள். அதே நடையில் 15 வயதுக்குப் பிறகு செய்ய வேண்டிய கைரேகை, கருவிழிப் புதுப்பிப்பு முடிந்திருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். பெயரும் இனிஷியலும் மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடி இருக்கட்டும். ஆதாரில் பெயரை 2 முறைதான் மாற்ற விடுவார்கள், எழுத்துக்கூட்டி எழுதிக் கொண்டுபோங்கள்.

3. வங்கிக் கணக்கு

பள்ளியில் படிக்கும்போது திறந்த மைனர் கணக்கு போதும் என்று இருந்தோம். செப்டம்பரில் அவளுக்கு 18 முடிந்தது. கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியவில்லை. பிள்ளை மேஜரானதும் கையெழுத்து, கேஒய்சி (அடையாள, முகவரிச் சான்றுகள்) எல்லாம் புதிதாகக் கொடுக்க வேண்டுமாம். நேரில் வரச் சொன்னார்கள். ஒரு கையெழுத்துக்காக ராத்திரி ரயில் ஏறி வந்தாள். முதலாண்டிலேயே 18 முடிகிற பிள்ளை என்றால், என்ன தேதியில் என்ன தாள் வேண்டும் என்று கிளையில் இப்போதே கேட்டு வையுங்கள். கல்லூரிக்குப் பக்கத்தில் புதுக் கணக்கு திறப்பது இன்னும் மேல்.

இன்னொன்று. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. வங்கியில் "ஆதார் இணைத்தாச்சு" என்று சொன்னால் அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். கேஒய்சிக்காக இணைப்பது வேறு, அரசுப் பணம் வந்து சேரும்படி இணைப்பது வேறு. இரண்டாவதற்குத் தனியாக ஒப்புதல் கேட்பார்கள். மைஆதார் தளத்தில் நுழைந்து 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பாருங்கள். எந்த வங்கி என்று காட்டும். அங்கே நுழையவும் ஓடிபி வேண்டும் என்பதால்தான் நம்பரை முதலில் மாற்றச் சொன்னேன்.

4. ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி

யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சொல்லும் ராகிங் எதிர்ப்புத் தளத்தில் ஒவ்வொரு கல்வியாண்டும் நிரப்ப வேண்டும். பிள்ளைக்கென்று ஒரு மின்னஞ்சல் வேண்டும், பதிவு எண் அதற்குத்தான் வரும். 1800-180-5522 என்ற உதவி எண்ணை இருவர் போனிலும் போட்டு வையுங்கள்.

5. ஒரு வாரம் ஒத்திகை

துணி அவளே துவைக்கட்டும். ஒரு வாரச் செலவுப் பணத்தை மொத்தமாகக் கையில் கொடுங்கள். எங்கள் வீட்டில் புதன்கிழமையே தீர்ந்தது, நாங்களும் மேற்கொண்டு கொடுக்கவில்லை. காய்ச்சல் என்றால் எந்த மாத்திரை, எத்தனை மணிக்கொரு தடவை என்று ஒரு தாளில் எழுதச் சொன்னேன். "எனக்குத் தெரியாதாப்பா" என்று சிரித்தாள். அந்தத் தாள் இன்னும் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது.

பிறகு சேர்த்தது: தீபாவளிக்கு ஊர் வர டிக்கெட் கிடைக்கவில்லை என்று இரண்டு பேர் கீழே எழுதியிருந்தார்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்புதான் திறக்கும், காலை 8 மணிக்கு. திறக்கும் நாளில் ஆன்லைனில் எடுக்க ஆதார் சரிபார்த்த ஐஆர்சிடிசி (ரயில் டிக்கெட் தளம்) கணக்கு வேண்டும். தீபாவளிக்கு முந்தின நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பிப் போகும் டிக்கெட்டுக்கும் தனியாக ஒரு நாள் குறிக்க வேண்டும். நான் அதை மறந்துவிட்டு, அவளை நின்றபடியே அனுப்பிவைத்தேன்.