ஆம்னி வேனின் பின் ஷாக்கும் கமான் புஷ்ஷும்: வீட்டிலேயே மாற்றலாம்

ஆம்னி தயாரிப்பை மாருதி 2019-லேயே நிறுத்திவிட்டது. நம்ம திருநெல்வேலிப் பக்கத்து வண்டிகளுக்கு அந்தச் சேதி வந்து சேரவில்லை போல. களக்காட்டு வாழைத்தாரும் உவரி மீனும் இன்னும் அதில்தான் ஏறுகின்றன. பின்னால் கடகடவென்று சத்தம் வருகிறதா? பள்ளத்தில் இறங்கி ஏறியபின் ஆட்டம் அடங்க நேரமாகிறதா? பெரும்பாலும் பின் ஷாக் அப்சார்பரும் கமான் பட்டையின் ஷேக்கிள் புஷ்ஷும்தான் தேய்ந்திருக்கும். கமான் என்பது பின்பக்கப் பாரத்தைத் தாங்கும் வளைந்த இரும்புப் பட்டை. அதன் முனையை வண்டியின் அடிச்சட்டத்தோடு (சேசிஸ்) இணைத்து ஆடவிடும் தட்டுதான் ஷேக்கிள், அந்த மூட்டில் இருக்கும் மெத்தை வளையம்தான் புஷ். முன்பக்கத்தை மட்டும் தொடாதீர்கள். அங்கே சுருள் ஸ்பிரிங்கை அழுத்திப் பூட்டிய ஸ்ட்ரட் இருக்கிறது. தெறித்தால் ஆளை அடித்துவிடும். அது பட்டறை வேலை.

முதலில் சோதனை. பின் மூலையில் பலமாக அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். ஏறி, இறங்கி நின்றுவிட்டால் ஷாக் நன்றாக இருக்கிறது. ஊஞ்சலாடினால் போய்விட்டது. ஷாக்கின் உடம்பில் லேசான ஈரம் இருந்தால் பரவாயில்லை. எண்ணெய் வழிந்து புழுதி அப்பியிருந்தால் மாற்றியே ஆக வேண்டும். அடுத்து, ஷேக்கிள் தட்டுக்கும் பட்டையின் கண்ணுக்கும் (முனையில் உள்ள வளையம்) நடுவே பெரிய ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்புங்கள். ரப்பர் வெடித்து ஒரு பக்கமாகப் பிதுங்கியிருப்பது கண்ணுக்கே தெரியும்.

கடையில் ஷாக்கை ஜோடியாகவே வாங்குங்கள். ஒன்று புதிது, ஒன்று பழசு என்றால் வண்டி ஒரு பக்கம் இழுத்து ஆடும். புஷ்ஷில் ரப்பர், பாலியூரித்தேன் என்று இரண்டு வகை உண்டு. பாலி நீண்ட நாள் உழைக்கும், எண்ணெய் பட்டாலும் ஊறாது. ஆனால் அதிர்வை உள்ளே கடத்தும், சிலிக்கான் கிரீஸ் இல்லாவிட்டால் கீச்சிடும். சுமை வண்டிக்குப் பாலி, ஆள் ஏற்றும் வண்டிக்குத் தரமான ரப்பர் என்பது என் கணக்கு. உவரி, கூட்டப்புளி என்று கடலோரம் ஓடும் வண்டியென்றால் ஷேக்கிள் பின்னையும் நட்டையும் சேர்த்தே புதிதாக வாங்கிவிடுங்கள். உப்புக்காற்றில் பழசு கழன்று வருவதற்குள் உயிர் போய்விடும். “கூட ஒரு பட்டை வச்சிருவோமா அண்ணாச்சி?” என்று கடையில் கேட்பார்கள். வேண்டாம். காலி வண்டி உதறும், அச்சுக்கும் டயருக்கும் நிர்ணயித்த சுமை அதனால் கூடிவிடாது.

முந்தின நாள் இரவே நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இருபுறமும் அடைக்கட்டை கொடுங்கள். இதை அசட்டை செய்யக்கூடாது. ஆம்னியில் கைபிரேக் பின் சக்கரத்தைப் பிடிக்கும், எஞ்சின் தள்ளுவதும் பின் சக்கரத்தைத்தான். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் கைபிரேக்கும் கியரும் வண்டியைப் பிடித்து நிறுத்தாது.

தூக்கியபின் சேசிஸுக்கு அடியில் இரண்டு ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தைக் கழற்றுங்கள். ஜாக்கியை அச்சுக்குழாயின் அடியில் முட்டுக் கொடுங்கள். நடுவில் உருண்டையாக இருக்கும் டிஃபரன்ஷியலுக்கு அடியில் வேண்டாம். முட்டு இல்லாமல் ஷாக்கைக் கழற்றினால் அச்சு தொங்கி பிரேக் ஹோஸை இழுக்கும். ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள்.

பழைய ஷாக்கைக் கழற்றிய கையோடு ஜாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்குங்கள். பட்டையின் இழுவை தளர்ந்து ஷேக்கிள் கையால் ஆடும் ஓர் இடம் வரும். அங்கே நிறுத்தி, ஷேக்கிள் பின்னைத் தட்டி எடுத்து, பழைய புஷ்ஷை உருவுங்கள். பட்டைக் கண்ணின் உள்ளே உள்ள துருவை எமரித் தாளால் தேயுங்கள். புது ரப்பருக்குச் சோப்புத் தண்ணீர் போதும். எஞ்சின் ஆயிலோ சாதா கிரீஸோ பட்டால் ரப்பர் ஊதிவிடும். ஷாக்கை மாட்டுமுன் நிமிர்த்திப் பிடித்து முழுதாக நாலைந்து தடவை அழுத்தி இழுங்கள், உள்குழாயில் சிக்கிய காற்று விலகும். ஷாக்கின் மேல் கண்ணை முதலில் மாட்டுங்கள்.

புது புஷ் சீக்கிரம் கிழிவதற்குக் காரணம் அடுத்த இடத்தில்தான் இருக்கிறது. வண்டி தூக்கியபடி இருக்கும்போது நட்டுகளை முழுதாக முறுக்காதீர்கள். ரப்பர் அந்தக் கோணத்திலேயே இறுகிப்போய், வண்டி தரையில் நிற்கும்போதெல்லாம் முறுக்கிக்கொண்டே கிடக்கும். கையிறுக்கத்தோடு விட்டு, சக்கரம் மாட்டி, வண்டியை இறக்கி, நாலு தடவை ஆட்டிவிட்டு, சக்கரத்தில் பாரம் நிற்கும்போது மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தின் அளவைக் காட்டும் ரெஞ்சு) முறுக்குங்கள்.

முதல் லோடு ஏற்றி இறக்கியதும் எல்லா நட்டுகளையும், சக்கர நட்டு உள்பட, மறுபடி ரெஞ்சு வைத்துப் பாருங்கள்.