புது காம்பவுண்ட் வில்: மாறும்போது சறுக்குகிற இடங்கள்

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாந்தோப்பில் நாங்கள் ஆறேழு பேர் ஞாயிறு காலையில் அம்பு விடுவோம். சக்கரமில்லாத ரிகர்வ் வில்லிலிருந்து, முனைகளில் சக்கரம் வைத்த காம்பவுண்டுக்கு மாறிப் புது வில்லோடு வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, இதுல பன்னி விழுமா?" விழும். அதுக்கப்புறம் நீங்களும் விழுவீங்க என்பேன்.

1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'ஆயுதம்' என்றால் என்ன என்று சொல்லும் இடத்தில் துப்பாக்கி, கண்ணி, விஷத்தோடு வில்லையும் அம்பையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. வேட்டையாட முயன்றாலே அது வேட்டைதான். சரணாலயத்துக்குள் அனுமதி வாங்காமல் ஆயுதத்தோடு நுழைவது தனிக் குற்றம். நம் பக்கத்துக் காடுகளில் ஒரு பெரிய பகுதி 2014-லேயே காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் ஆகிவிட்டது. அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் கிளம்பும்போது டிக்கியில் வில் கிடந்தால், "சும்மா கொண்டு வந்தேன் சார்" என்ற பதில் எடுபடாது. நிலக்கடலையைப் பன்றி கிளறிவிட்டால் வனத்துறைக்கு மனு எழுதுங்கள். வில்லை இலக்குப் பலகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஊருக்கு ஊர் நடுகல் நிற்கிற பூமி இது, வில்லேந்திய வீரனைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அவன் கையிலிருக்கும் வில்லில் சக்கரம் கிடையாது. சிக்கலே அந்தச் சக்கரத்தில்தான். கேம் என்று நாம் சொல்கிற அதை அமெரிக்காவின் ஹாலஸ் வில்பர் ஆலன் 1960-களில் வில்லில் மாட்டினார். ரிகர்வில் இழுக்க இழுக்கக் கனம், அதாவது இழுக்க வேண்டிய விசை, ஏறிக்கொண்டே போகும். காம்பவுண்டில் நடுவில் உச்சத்துக்குப் போய், கடைசியில் சட்டென்று இறங்கும். 60 பவுண்டு வில்லுக்கு 80 சதவீதம் லெட் ஆஃப் (கடைசியில் இறங்கும் அளவு) என்றால், முழுக்க இழுத்தபின் கை தாங்குவது 12 பவுண்டுதான்.

இந்தப் பன்னிரண்டை நம்பித்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். பிடித்து நிற்பது லேசாக இருக்கிறதே என்று கனமான வில்லை வாங்கிவிடுவது. அந்த மேட்டை ஒவ்வொரு அம்புக்கும் ஏறியாக வேண்டும். 50 மீட்டர் தகுதிச் சுற்றில் மட்டும் 72 அம்பு. ஒரு சோதனை இருக்கிறது: இலக்கைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்து, அம்பு பூட்டி, வில்லை மேலே தூக்காமல் நேராக நீட்டியபடியே இழுக்க வேண்டும். வானத்தைப் பார்த்துத் தூக்கினால்தான் இழுபடுகிறது என்றால் அந்தக் கனம் உங்களுக்கு இல்லை. அப்படித் தூக்கும்போது ரிலீஸ் (நாணைப் பிடித்து விடுகிற கைக்கருவி) தவறினால் அம்பு தோப்பைத் தாண்டிச் சில நூறு மீட்டர் போகும். அங்கே யாரோ மாடு மேய்த்துக்கொண்டிருப்பார்.

அடுத்தது அமெரிக்காவிலிருந்து மச்சான் கொடுத்துவிடுகிற வில். அங்கே மான் வேட்டை சட்டப்படி நடக்கிறது, அதற்கென்றே செய்த வில் 70 பவுண்டில், மரத்தின் மேல் உட்கார்ந்து விட வசதியாகக் குட்டையாக இருக்கும். சக்கரத்துக்குச் சக்கரம் 30, 33 அங்குலம். இலக்கு வில் 36-லிருந்து 40 வரை போகும், நீளம் கூடக் கூடக் கை நடுக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும். உலக வில்வித்தை விதிப்படி போட்டியில் 60 பவுண்டுக்கு மேல் கூடாது, இலைதழை போட்ட காட்டு நிறத்துக்கும் இடமில்லை. இலவசமாக வந்த வில்லை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் போராடியவர்களை எனக்குத் தெரியும்.

இனி டிரா லென்த், அதாவது நாணை இழுக்கும் நீளம். என்னைக் கேட்டால் மற்ற எல்லாத் தவறையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது. ரிகர்வில் எவ்வளவு இழுப்பது என்பதை உடம்பு முடிவு செய்கிறது. காம்பவுண்டில் கேம் முடிவு செய்கிறது, அந்த இடத்தில் சுவர் மாதிரி நின்றுவிடும். அதனால் பழைய வில்லின் அளவைக் கடையில் ஒப்பித்து வாங்குவது வேலைக்காகாது. இரண்டு கையையும் விரித்து, விரல் நுனியிலிருந்து விரல் நுனிவரை அங்குலத்தில் அளந்து 2.5-ஆல் வகுத்தால் உத்தேசக் கணக்கு கிடைக்கும். 68 அங்குலம் என்றால் 27 சொச்சம். அதற்கப்புறம் யாரையாவது பக்கவாட்டில் நின்று போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். தலை பின்னால் சாய்கிறது, நாண் முன்கையில் அடிக்கிறது என்றால் நீளம் அதிகம். அரை அங்குலம்கூட பெரிய வித்தியாசம்.

வளர்கிற பையன்களுக்குப் பள்ளிச் சீருடை எடுக்கிற மாதிரி "ஒரு சைஸ் பெரிசா வாங்கிடுங்க" என்று ஒரு கடைக்காரர் சொன்னதைக் கேட்டு, என் தங்கை மகனுக்கு 29 அங்குலத்தில் வாங்கிக் கொடுத்தேன். அவனுக்கு வேண்டியது 27. ஆறு மாதம் கோணலாக நின்று பழகிவிட்டான், அதைத் திருத்த ஒரு வருடம் ஆனது. நீளம் மாற்றக்கூடிய கேம் உள்ள வில்லை வாங்கி, இன்றைய அளவில் வையுங்கள்.

பழைய அம்பையே மாட்டுவது ஆபத்தான சிக்கனம். அம்பு எவ்வளவு வளைகிறது என்பதை ஸ்பைன் எண் சொல்லும். எண் குறைந்தால் விறைப்பு அதிகம். 700 ஸ்பைன் ரிகர்வ் அம்பை 55 பவுண்டு காம்பவுண்டில் விட்டால் புறப்படும்போதே உடையலாம். கார்பன் சிராய் முன்கையில் ஏறிவிட்டால் அறுவை சிகிச்சை வரை போகும். எடையும் பாருங்கள்: பவுண்டுக்கு 5 கிரெயினாவது வேண்டும், அதாவது 60 பவுண்டுக்கு 300 கிரெயின், ஏறக்குறைய 19 கிராம். அதற்குக் கீழே போனால் விசையை அம்பு வாங்கிக்கொள்ளாது, வில்லே திரும்ப வாங்கிக்கொள்ளும்.

அம்பே இல்லாமல் விட்டால் இதன் உச்சம், அதுதான் ட்ரை ஃபயர். புது பைக் வாங்கியவரிடம் "ஒரு ரவுண்டு குடு" என்பதுபோல் புது வில்லையும் "ஒரு இழு இழுத்துப் பாக்கறேன்" என்பார்கள். சித்தப்பாவாக இருந்தாலும் கொடுக்காதீர்கள். மீறி நடந்துவிட்டால், வில்லின் தண்டுகளில் பஞ்சை மெல்ல ஓட்டிப் பாருங்கள். நூல் சிக்குகிற இடத்தில் விரிசல் இருக்கிறது. கேம், நாண் எல்லாம் தெரிந்தவர் பார்க்கும்வரை தொடக்கூடாது. நாணை நாமே கழற்றுவதும் வேண்டாம், அதற்கு வில்லை அமுக்கிப் பிடிக்கும் பிரஸ் வேண்டும். ஊர்ப் பட்டறை ஸ்பேனர் அதற்கானது அல்ல.

ரிகர்வ் பழக்கத்தில் விரலாலேயே இழுக்காதீர்கள், நாண் பக்கவாட்டில் புரண்டு கேமைவிட்டே கழன்றுவிடலாம். ரிலீஸ்தான். ஆனால் குறி பொட்டில் பட்டதும் பட்டனைப் பட்டென்று அடிக்கிற வியாதி முதல் வாரத்திலேயே தொற்றும். அதனால் பதினைந்து நாளாவது ஐந்து மீட்டரில், வெறும் வைக்கோல் கட்டைப் பார்த்து, முதுகால் இழுத்து விடுங்கள். போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது புது வில் வேண்டவே வேண்டாம். ரிகர்வ் அம்பு விநாடிக்கு 200 அடி போனால் இது 270, 280 போகும், பழைய சைட் (குறிபார்க்கும் கருவி) குறிப்புகள் ஒன்றும் உதவாது. புது நாணும் சில நூறு அம்புக்கு அப்புறம்தான் ஒரு நிலைக்கு வரும்.

கடைசியாக நம்ம ஊர் வெயில். ஒரு மே மாதம், கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்ட் அருகே காரைப் பூட்டி வில்லை உள்ளேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். ஒரு மணி நேரம்தான். தோப்புக்கு வந்து இழுத்தால் பீப் (நாணில் குறிபார்க்க வைக்கும் துளை) பாதி திரும்பி நின்றது, நாண் நீண்டிருந்தது, இரண்டு கேமும் ஒன்றாகச் சுழலவில்லை. சரிசெய்ய பெங்களூரு போய்வர ஒரு நாள் போயிற்று. இப்போதெல்லாம் கார் வெயிலில் நின்றாலும் வில் பெட்டி என்னோடு ஓட்டலுக்குள் வந்துவிடும். சப்ளையர் தம்பி தினமும் கீபோர்டா கிடாரா என்று கேட்கிறான்.