சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்குச் சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரை: அளப்பதும் அறிவதும்

வீட்டில் பெற்றோருக்காக வாங்கிய குளுக்கோமீட்டரில் தாமும் ஒருமுறை விரலைக் குத்திப் பார்த்து, 165 என்றோ 180 என்றோ ஓர் எண்ணைக் கண்டு அஞ்சுபவர்கள் இன்று பலர். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 5.7 சதவீதத்துக்குக் கீழே இருக்கும். வெறும் வயிற்றுச் சர்க்கரையும் 100-ஐத் தாண்டியிருக்காது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் மட்டும் எண் ஏறும். அந்த ஒற்றை எண்ணை வைத்து நோய் வந்துவிட்டது என்று முடிவு கட்டுவதும் தவறு, மற்றவை சரியாக இருப்பதால் அதைப் புறக்கணிப்பதும் தவறு. சர்க்கரை எவ்வளவு உயரம் ஏறியது என்பதோடு, எவ்வளவு நேரத்தில் இறங்கியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் பொருள் விளங்கும்.

சோறு, இட்லி, சப்பாத்தி ஆகியவற்றிலுள்ள மாவுச்சத்து குளுக்கோஸாக உடைந்து இரத்தத்தில் கலக்கும்போது சர்க்கரை ஏறுவது எல்லா உடல்களிலும் நிகழ்வதே. உணவு வந்த சில நிமிடங்களில் கணையம் தான் சேமித்து வைத்திருக்கும் இன்சுலினை வேகமாக வெளியிடுகிறது. பிறகு புதிதாகச் சுரந்து நிதானமாகத் தொடர்கிறது. இதனால் பெரும்பாலோருக்குச் சர்க்கரை அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, இரண்டு மூன்று மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பும். முதலில் வர வேண்டிய இன்சுலின் தளர்ந்தால் உச்சம் உயர்கிறது; தசைகள் இன்சுலினுக்குச் சரிவர இணங்காதபோது, ஏறிய சர்க்கரை இறங்கத் தாமதமாகிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்பாக இருக்கும்போதே இவ்விரண்டும் தொடங்கிவிடக்கூடும் என்பதால்தான் சாப்பிட்ட பின் காணும் எண்ணுக்கு மதிப்பு இருக்கிறது.

இரண்டு மணி நேரத்தில் 140-க்குக் கீழே இருந்தால் இயல்பு, 140 முதல் 199 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 200-உம் அதற்கு மேலும் சர்க்கரை நோய் என்ற அளவுகோல் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்த பின் ஆய்வகத்தில் எடுக்கும் இரத்தத்துக்கு உரியது. ஒரு மணி நேர அளவு 155 அல்லது அதற்கு மேல் இருந்தாலும் கவனிக்க வேண்டும் என்று சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2024-இல் பரிந்துரைத்ததும் அதே சோதனைக்குத்தான். வீட்டுச் சாப்பாட்டுக்குப் பின் விரல் நுனியில் பார்க்கும் எண்ணை இவற்றோடு நேராகப் பொருத்திவிட முடியாது. தோராயமான வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அளக்கும் முறையில் பிழை இருந்தால் மற்ற எல்லாமே வீண். மாம்பழம் நறுக்கிய விரலைக் கழுவாமல் குத்தினால், பழத்தின் சர்க்கரையே எண்ணில் ஏறிவிடும். ஆகவே சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்திய பிறகே குத்த வேண்டும். ஸ்ட்ரிப் காலாவதி ஆகாததாக, மூடிய டப்பாவில் இருந்ததாக இருக்கட்டும். முதல் கவளம் வாய்க்குச் சென்ற நேரத்திலிருந்து கணக்கிட்டு, சாப்பிடுவதற்கு முன்பும், ஒரு மணி நேரம் கழித்தும், இரண்டு மணி நேரம் கழித்தும் அளந்து, என்ன, எவ்வளவு சாப்பிட்டோம் என்பதோடு எழுதி வைக்க வேண்டும். தரமான மீட்டர்கள்கூட 100-க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் வரை முன்பின் காட்ட அனுமதி உண்டு. அதாவது மீட்டர் 160 என்று காட்டும்போது உண்மை அளவு ஏறத்தாழ 140-ஆகவும் இருக்கலாம், 185-ஆகவும் இருக்கலாம். மேலும், சாப்பிட்ட பின் விரல் நுனி இரத்தத்தில் சர்க்கரை, நரம்பில் எடுக்கும் இரத்தத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். இக்காரணங்களால், ஒரே உணவை வெவ்வேறு நாட்களில் சாப்பிட்டு அளந்த பிறகே எதையும் சொல்ல முடியும்.

சர்க்கரையைத் தொடர்ந்து அளப்பதற்காகக் கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் அணிபவர்கள், அது இரத்தத்தை அளக்கவில்லை, தோலுக்கடியிலுள்ள திசு நீரையே அளக்கிறது என்பதையும், அதனால் சில நிமிடங்கள் பின்தங்கியே காட்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அந்தக் கையை அழுத்திப் படுத்தால் இரவில் சர்க்கரை தாழ்ந்ததாகப் பொய்யாகக் காட்டும். முற்றிலும் நலமாக உள்ளவர்களுக்கும் நாளின் சிறு பகுதியில் 140-ஐத் தாண்டுவதுண்டு. வரைபடத்தில் தெரியும் ஒவ்வொரு மேட்டுக்கும் கவலைப்பட்டு உணவை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போவது உடலுக்கும் மனத்துக்கும் கேடு.

அடுத்தது சோதித்துப் பார்ப்பது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். நம் சாப்பாட்டில் சாம்பாருக்கு ஒருமுறை, ரசத்துக்கு ஒருமுறை, மோருக்கு ஒருமுறை என்று மூன்று முறை சோறு வருகிறது. பொரியலும் கூட்டும் ஓரத்தில் கொஞ்சமாக நிற்கின்றன. அந்தச் சோற்றின் அளவைக் குறைத்துக் காயையும் பருப்பையும் கூட்டி, அவற்றில் ஒரு பகுதியை முதலில் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றுக்கு வந்தால், பலருக்கு உச்சம் தாழ்கிறது. சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால், இன்சுலினை அதிகம் எதிர்பாராமலே தசைகள் குளுக்கோஸை இழுத்துக்கொள்கின்றன. எனக்குத் தெரிந்த எளிய வழிகளில் இதுவே முதலிடத்துக்கு உரியது. கேழ்வரகு என்றாலே சர்க்கரை ஏறாது என்ற நம்பிக்கையை மட்டும் விட்டுவிட வேண்டும். நைசாக அரைத்த மாவில் காய்ச்சிய கூழோ கஞ்சியோ விரைவாகச் செரித்து, சோற்றுக்கு இணையாகவே ஏற்றிவிடக்கூடும். பரோட்டா, பிரியாணி போன்ற எண்ணெய் மிகுந்த உணவு வயிற்றிலிருந்து மெதுவாக இறங்குவதால் உச்சம் தாமதமாகவே வரும். ஒரு மணி நேர எண் அழகாக இருப்பதைக் கண்டு ஏமாறாமல், மூன்றாம் மணியிலும் ஒருமுறை பார்க்கலாம். தூக்கக் குறைவு, காய்ச்சல், மூட்டுவலிக்கோ ஆஸ்துமாவுக்கோ எடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை ஆகியவையும் சர்க்கரையை ஏற்றும் என்பதால் அவற்றையும் குறிப்பில் எழுத வேண்டும்.

இரண்டு மணி நேர அளவு திரும்பத் திரும்ப 140-ஐத் தாண்டினால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. ஒருமுறையேனும் 200-ஐத் தொட்டாலோ, தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத எடைக் குறைவு ஆகியவை இருந்தாலோ தாமதிக்கவே கூடாது. பெற்றோருக்குச் சர்க்கரை நோய் உள்ளவர்கள், கர்ப்பகாலத்தில் சர்க்கரை வந்து போனவர்கள், சினைப்பை நீர்க்கட்டி உள்ள பெண்கள் ஆகியோர் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு அளவுகோலே வேறு. அவர்கள் வீட்டு எண்ணைத் தாமாகவே பொருள்கொள்ளக் கூடாது. இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை ஹெச்பிஏ1சியை உண்மையைவிட உயர்த்திக் காட்டலாம். சிவப்பணுக்கள் விரைவில் அழியும் நோய்கள் அதைத் தாழ்த்திக் காட்டும். ஆகையால் அந்தச் சராசரி மட்டும் போதாது.

இந்தக் கட்டத்திலேயே செயல்படுவதற்குப் பலன் உண்டு. இரண்டு மணி நேர அளவில் மட்டுமே சிக்கல் இருந்தவர்களையும் உள்ளடக்கி, சென்னை மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 28 சதவீதம் குறைந்தது.

மருத்துவரிடம் குறிப்பேட்டைக் காட்டி, 75 கிராம் குளுக்கோஸ் சோதனை தேவையா என்று கேளுங்கள். அந்தச் சோதனைக்கு முந்தைய மூன்று நாட்கள் சோறு, டிபன் எல்லாவற்றையும் வழக்கம்போலச் சாப்பிட வேண்டும். பயத்தில் மாவுச்சத்தை அடியோடு நிறுத்திவிட்டுப் போனால், உடல் திடீரென்று வரும் குளுக்கோஸைச் சமாளிக்க முடியாமல் அளவு பொய்யாக உயரக்கூடும். முந்தின இரவு குறைந்தது எட்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு இருந்து, குளுக்கோஸ் குடித்த பிறகு இரண்டு மணி நேரமும் நடக்காமல், புகைக்காமல், ஆய்வகத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.