காலை சாண்ட்விச் நசநசக்காமல் இருக்க

காலை அவசரத்துக்கு சாண்ட்விச் போலக் கைகொடுப்பது வேறில்லை. ஆனால் சாப்பிட உட்காருவதற்குள் பிரெட் ஊறிப்போனால் அந்த ருசியே போய்விடும். காரணம் பெரும்பாலும் தக்காளியும் வெள்ளரியும்தான். உப்பு பட்டதும் இரண்டும் நீர் விடும். தக்காளியின் விதைப் பகுதியை வழித்து எடுத்துவிட்டு, துண்டுகளைச் சுத்தமான துணியில் ஒற்றி எடுங்கள். உப்பும் மிளகுத்தூளும் கடைசியில் தூவினால் போதும். பிரெட்டின் உள்பக்கம் ஓரம்வரை வெண்ணெய் தடவுங்கள், ஈரம் சட்டென்று இறங்காது.

முட்டை சாண்ட்விச் என்றால் இன்னும் சுலபம். இரண்டு முட்டையை அடித்துத் தவாவில் ஊற்றி, இறுகும் முன்பே இரண்டு பிரெட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உடனே புரட்டி இருபுறமும் நனையுங்கள். அடி வெந்ததும் மொத்தமாகத் திருப்பி, ஓரத்தில் நீட்டியிருக்கும் முட்டையை உள்ளே மடித்து, சீஸ் வைத்து, ஒரு பிரெட்டை மற்றதன்மேல் மூடிவிடுங்கள். தனியாக ஆம்லெட் போடும் வேலையே இல்லை! தீ மட்டும் மிதமாக இருக்கட்டும். அதிகமானால் சீஸ் உருகும் முன் பிரெட் கருகிவிடும்.

டப்பாவில் கொடுத்தனுப்புவதானால் சில நிமிடம் கம்பித் தட்டில் ஆறவிட்டு, அப்புறம் மூடுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி உள்ளேயே தண்ணீராகிவிடும்.