மொழி எப்போது பிறந்தது? பேச்சிலும் கட்டுரையிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவை ஒட்டிச் சிங்கப்பூரில் நடக்கும் பேச்சுப் போட்டிகளிலும் கட்டுரைப் போட்டிகளிலும் மொழியின் தோற்றம் பற்றிய கூற்றுகள் தவறாமல் தலைகாட்டுகின்றன. பேசுவோரும் எழுதுவோரும் பெரும்பாலும் மூன்று வெவ்வேறு கேள்விகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். மனிதனுக்கு மொழியாற்றல் எப்போது வாய்த்தது என்பது ஒன்று. தமிழ் போன்ற ஒரு தனிமொழி எப்போது உருவானது என்பது மற்றொன்று. அது எப்போது எழுதப்பட்டது என்பது மூன்றாவது. இவற்றுள் மூன்றாவதற்கு மட்டுமே கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய சான்று உண்டு. ஒன்றுக்குரிய விடையை இன்னொன்றுக்குப் பொருத்துவதால்தான் கீழே காணும் தவறுகளில் பல நேர்கின்றன.

முதலாவது, கைதட்டல் பெறும் தவறு: உலகின் முதல் மொழி தமிழே என்பது. மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்த எலும்புகளைப் பற்றி 2017-இல் வெளியான ஆய்வு, நம் மனித இனத்தின் வயதைச் சுமார் 3,00,000 ஆண்டுகள் வரை கொண்டுசென்றது. சொற்களையும் ஒலிகளையும் ஒப்பிட்டு மொழிக்குடும்பங்களின் வரலாற்றை மீட்டெடுக்கும் முறையோ, ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு அப்பால் எட்டாது என்பதே பெரும்பாலான மொழியியலாளர்களின் கருத்து. 2018-இல் வெளியான ஓர் ஆய்வு திராவிட மொழிக்குடும்பத்தின் வயதைச் சுமார் 4,500 ஆண்டுகள் என மதிப்பிட்டது. முதல் மனிதக் கூட்டம் என்ன பேசியது என்று சொல்ல எந்த மொழிக்காரரிடமும் சான்று இல்லை என்பதே இதன் பொருள். இந்த ஆசை நமக்கு மட்டும் உரியதன்று. எகிப்திய மன்னன் சாமெட்டிக்கஸ், இரு குழந்தைகளைப் பேச்சொலி கேட்காமல் வளர்த்து, அவர்கள் வாயிலிருந்து முதலில் வந்த சொல்லைக் கொண்டு இன்றைய துருக்கிப் பகுதியில் வழங்கிய ஃபிரிஜிய மொழியே மூத்தது என்று முடிவுகட்டியதாகப் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸ் எழுதிவைத்திருக்கிறார்.

இதே இடத்தில் "கல்தோன்றி மண்தோன்றாக் காலத்தே" என்ற அடியும் மேற்கோளாக வந்துவிடும். அது புறப்பொருள் வெண்பாமாலையில், பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்கும் கரந்தைப் படலத்தில் இடம்பெறுகிறது. வாளோடு முன்தோன்றிய மறக்குடி ஒன்றின் பெருமையைப் பாடுகிறது. மொழியின் வயதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஈராயிரம் ஆண்டுகளாக இலக்கிய மரபு அறுபடாமல் இன்றும் வீட்டிலும் கடையிலும் வழங்கிவரும் மொழி என்பது தமிழுக்கு உண்மையாகவே உரிய சிறப்பு. அதைச் சான்றோடு சொல்ல முடியும்போது சான்றில்லாத ஒன்றை ஏன் சொல்ல வேண்டும்?

ஒலி ஒப்புமையை உறவு என்று கொள்வது அடுத்த தவறு. நம் கட்டுமானத் தளங்களின் வேலியில் தொங்கும் எச்சரிக்கைப் பலகையை உற்றுப் பார்த்தால் போதும். ஆங்கிலத்தில் 'டேஞ்சர்', சீனத்தில் 'வெய்சியன்', மலாயில் 'பஹாயா', தமிழில் 'அபாயம்'. இந்தோ-ஐரோப்பியம், சீன-திபெத்தியம், ஆஸ்திரோனேசியம், திராவிடம் என நான்கு தனித்தனிக் குடும்பங்களைச் சேர்ந்த மொழிகள் ஒரே தகரத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. பஹாயாவும் அபாயமும் ஒன்றுபோல் ஒலிப்பதால் மலாயும் தமிழும் ஒரு தாய் மக்கள் என்று சொல்லத் தோன்றும். உண்மையில் இரண்டுமே சமஸ்கிருதத்திலிருந்து வந்த கடன்சொற்கள். அதிலும் முன்னது 'பய', பின்னது 'அபாய' என்ற இரு வேறு சொற்களின் வழி வந்தவை. உறவை நிறுவுவதற்கு அடிப்படைச் சொற்களில் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் ஒலி இயைபுகள் வேண்டும். தென்னிந்திய மொழிகள் தனிக்குடும்பம் என்பதை 1816-இல் எல்லிஸும், 1856-இல் விரிவாகக் கால்டுவெல்லும் காட்டியது அவ்வகை ஒப்பீட்டால்தான்.

எழுத்தின் வயதை மொழியின் வயதாகக் கொள்வதும் பரவலாகக் காணப்படுகிறது. மெசபொத்தேமியாவில் எழுத்து தோன்றி ஏறத்தாழ 5,200 ஆண்டுகளே ஆகின்றன. அதற்கு முன் மனிதர் ஊமையாக இருந்தனர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். எனினும் ஒரு கல்வெட்டின் ஆண்டைக் காட்டி "அன்றுதான் இம்மொழி பிறந்தது" என்று எழுதுவோர் உண்டு. எழுத்து கிடைத்துவிட்டாலே மொழி தெரிந்துவிடும் என்பதும் இல்லை. சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் நின்ற, எழுத்துகள் பொறித்த பெரும்பாறை ஒன்று 1843-இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. எஞ்சிய துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதன் வரிகள் எந்த மொழியில் உள்ளன என்பதே இன்னும் உறுதியாகவில்லை.

மொழிக்கு ஒரே ஒரு காரணத்தைத் தேடும் பழக்கமும் விடப்பட வேண்டியது. 2001-இல் ஃபாக்ஸ்பி2 மரபணுவுக்கும் பேச்சுக் குறைபாட்டுக்கும் உள்ள தொடர்பு வெளிவந்தபோது நாளிதழ்கள் அதை 'மொழி மரபணு' என்றன. அம்மரபணுவின் நம் வடிவமே, அழிந்துபோன மனித வகையான நியாண்டர்தால்களிடமும் இருந்தது 2007-இல் தெரியவந்தது. பேச்சுக்குக் காரணமாகக் காட்டப்பட்ட தாழ்ந்த குரல்வளை மனிதனுக்கே உரியது என்ற கருத்தும், செம்மான் என்ற மான் வகையின் ஆணிடம் அதே அமைப்பு காணப்பட்டதும் வலுவிழந்தது.

விலங்குகளைப் பொறுத்தவரை, அவற்றுக்கும் மொழி உண்டு என்போர், அவற்றின் ஒலிகளில் பொருளே இல்லை என்போர் என இரு பக்கமும் மிகை நேர்கிறது. வெர்வெட் குரங்குகள் சிறுத்தை, கழுகு, பாம்பு ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கூவல் எழுப்புவதை 1980-இல் வெளியான கள ஆய்வு காட்டியது, அது வியப்புக்குரியதே. ஆனால் அக்கூவல்களை இணைத்து "நேற்று வந்த சிறுத்தை" என்று சொல்ல அவற்றால் இயலாது. நிம் என்ற சிம்பன்சிக்குச் சைகை கற்பித்த உளவியலாளர் டெரஸ், அது பெரும்பாலும் பயிற்றுநரையே பின்பற்றிச் செய்தது என்று 1979-இல் தாமே எழுதினார்.

பேச்சே மொழி என்று கருதுவதால் சைகைமொழிகளை அரைமொழியாக எண்ணும் பிழை வருகிறது. 1970-களின் இறுதியில் நிகராகுவாவின் மானாகுவா நகரில் செவித்திறன் குன்றிய பிள்ளைகளுக்கான பள்ளி தொடங்கியபோது ஆசிரியர்கள் உதட்டசைவைப் படிக்கவும் ஸ்பானியம் பேசவும் பழக்கினர். பிள்ளைகளோ வீட்டில் தாமே உண்டாக்கிய சைகைகளைக் கலந்து பொதுமொழி ஒன்றை ஆக்கினர். பிறகு வந்த சிறுவர்கள் அதற்கு நுட்பமான இலக்கணத்தைச் சேர்த்தனர். ஒரு மொழி உருவாவதை ஆய்வாளர் நேரில் கண்ட அரிய நிகழ்வு இது. இங்கே பெங் சூ இங் ஷாங்ஹாய்ச் சைகைமொழியைக் கொண்டுவந்து 1954-இல் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்த சிங்கப்பூர்ச் சைகைமொழியும் தனக்கென அமைப்புடையதே.

பரிணாமம் என்றால் எளிமையிலிருந்து செம்மைக்கு ஏறும் படிக்கட்டு என்று நினைப்பவர்கள் பழங்குடி மொழிகளைத் தாழ்த்துகிறார்கள். நீலகிரியில் சிறு சமூகம் ஒன்று பேசும் தோடா, ஒலிகளின் எண்ணிக்கையில் தமிழை விஞ்சுகிறது. பெரனாக்கான் சீனர் பேசும் பாபா மலாய், மலாக்காவிலிருந்து வந்த போர்ச்சுகீசிய-மலாய்க் கலப்பான கிறிஸ்தாங் போன்ற கலப்பில் பிறந்த மொழிகளை 'உடைந்த மொழி' என்பதும் இதே பார்வைதான். பல மொழியினர் சந்தையில் வழங்கும் பேச்சு, குழந்தைகளுக்குத் தாய்மொழியானதும் முழு மொழியாகிவிடுகிறது.

கடைசியாக ஆண்டுக் கணக்கு. "மொழி 50,000 ஆண்டுகளுக்கு முன் தோன்றியது" என்று ஒற்றை எண்ணை எழுதாதீர்கள். தென்னாப்பிரிக்காவின் பிளோம்போஸ் குகையில் கிடைத்த, 70,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிப்பி மணிகளையும் கீறப்பட்ட காவிக்கல்லையும் குறியீட்டுச் சிந்தனைக்குச் சான்றாகக் கொள்வோர் ஒரு காலத்தைச் சொல்வர். நியாண்டர்தால்களுக்கும் பேச்சு இருந்தது என்போர் 5,00,000 ஆண்டுகள் வரை பின்செல்வர். யார் எதை வைத்துச் சொல்கிறார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வெற்றூகங்கள் பெருகியதைக் கண்ட பாரிஸ் மொழியியல் கழகம், 1866-இல் தன் விதிகளிலேயே மொழித் தோற்றம் பற்றிய கட்டுரைகளை ஏற்பதில்லை என்று எழுதிவைத்தது.